தீபாவளிக்கு என்று சொன்னேன்

பதினோரு வருஷம் ஒரு தனிச்சுற்று இதழ் நடத்தினேன். எட்டுப் பக்கம், இருநூறு படி, மூன்று மாதத்துக்கு ஒன்று. போடியில் அச்சடித்து, நானே ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவேன். என் வாழ்க்கையையும் என் அரசியலையும் ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில், ஏலமலைக்கு வேலைக்குப் போன நம் ஆட்கள் அடிபட்டு மலையிறங்கி வந்தபோது எழுதினேன். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையத் திட்டம் போட்டபோது எழுதினேன். அப்பாவோடு போட்ட சண்டையைக்கூட எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், சாந்தன்பாறை போகும் வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்தேன். காய் எடுக்க போடியிலிருந்து நாலு பெண்கள் வருவார்கள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியும் கொங்காடையுமாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும், அதுவும் விளைந்த காயாகப் பார்த்து. பிஞ்சில் கை பட்டால் நான் சத்தம் போடுவேன். காலில் அட்டை ஏறும். நான் அடிக்கச் சொன்ன மருந்தின் வாடை போகுமுன்னே அவர்கள் கை அந்தச் சரத்துக்குள் இருக்கும். அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று கிளம்பினார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்காமல், 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள்; வாங்கியும் விட்டார்கள். நான் போய் ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து, முழு இதழையும் அவர்களுக்கே ஒதுக்கினேன். அக்டோபரில் நாள்கூலி ஒப்பந்தம் வந்தது. தேயிலைக்கு 232 ரூபாய் 301 ஆனது. ஏலத்துக்கு 267 ரூபாய் 330 ஆனது. அதையும் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்.

அந்த வாரம் சனிக்கிழமை என் தோட்டத்துப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். ஆண்களுக்கு 400.

தெரியாமல் செய்ததில்லை. 330 என்ற எண்ணை அச்சகத்தில் இரண்டு தடவை புரூஃப் பார்த்தவன் நான்.

நாலு பேரில் மூத்தவர் எங்கள் தெருக்காரர். அவர் மகள் அந்த இதழை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். காய் நிறுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: “தம்பி, ஏலத்துக்கு முந்நூத்தி முப்பதுன்னு போட்டிருக்கீங்களாமே, அது நமக்கும் உண்டா?”

“அது பெரிய எஸ்டேட்டுக்குக்கா. சட்டமே அஞ்சு ஹெக்டேராவது, பதினஞ்சு ஆளாவது இருந்தாத்தான்” என்றேன். அப்போதிருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொன்னது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அவர் “சரிங்க தம்பி” என்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். காய்க்கறை ஏறிக் கறுத்துப்போன அவர் விரல்கள் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தன.

விலை இல்லை என்று எனக்குள் இன்னொரு சமாதானமும் வைத்திருந்தேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு காய் குறைந்து விலை ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் புற்றடியில் காய் ஏலம் விட்டபோது கிலோ 7,000 ரூபாய் வரை போனது. எனக்குக் கிடைத்த விலையும் நான் கனவிலும் காணாதது. அந்த அக்டோபரில்தான் கூலியை ஏற்றினேன், அதுவும் ஆள் கிடைக்காததால். அதற்கு முந்தின இதழில் பருவநிலை மாற்றம் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

பிறகு ஒரு ராத்திரி கூலி நோட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். ஆளுக்கு வருஷம் சுமார் 140 நாள். நாளுக்கு 80 ரூபாய் குறைவு. நாலு வருஷத்துக்கு ஒருவருக்கு 44,800. நாலு பேருக்கு 1,79,200. இதழுக்கு ஒருபோதும் யாரிடமும் நன்கொடை வாங்கியதில்லை, என் சொந்தக் காசு என்று பெருமையாகப் பின்னட்டையில் போட்டிருந்தேன். அது யார் காசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இதழைக் கொண்டுவரவில்லை.

அந்த அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, மலை ஏறுவதில்லை. போடியில் ஒரு கடையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறார். போன ஐப்பசியில் 45,000 ரூபாயைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அக்கா, இது உங்க கூலி, நான் பிடிச்சு வச்சது.

கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எதுக்குத் தம்பி இம்புட்டு?” என்றார்.

“தீபாவளிக்குக்கா” என்றேன்.

கண் கலங்கி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மகளைக் கூப்பிட்டு, தம்பிக்குக் காப்பி போடச் சொன்னார். நான் உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். மற்ற மூன்று பேர் வீட்டிலும் அதையேதான் சொன்னேன்.