வேஸ்ட்கேட்டின் பூர்வோத்தரம்

டர்போ என்றாலே அது ஜப்பானியர் சிருஷ்டி என்பது, சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள எங்கள் கூலாய் ஊர்ப் பட்டறைகளில் வாதத்துக்கு அப்பாற்பட்ட சித்தாந்தம். அதை வெகுகாலம் கேட்டும் கேளாதவனாகவே இருந்த எனக்கு, அக்காள் மகனின் நிஸான் சில்வியாவில் புதிதாய்ப் பூட்டிய வேஸ்ட்கேட் மக்கர் செய்தபோது, அதைப் பூட்டிய பட்டறை அண்ணன் அந்தச் சித்தாந்தத்தையே சமாதானமாகவும் சொன்னதுதான் பொறுக்கவில்லை. “ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச சாமான் தம்பி, அதுல கோளாறு வராது. சைஸ்தான் பத்தல, பெருசா ஒன்னு போடுவோம்” என்றார்.

எஞ்சின் புகை டர்போச் சக்கரத்தைச் சுழற்றும்போது, எஞ்சினுக்குள் அது திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஓர் அளவைத் தாண்டாதபடி மிஞ்சிய புகையை வேறு வழியே விடுவது வேஸ்ட்கேட் என்னும் இந்தக் கதவின் கடமை. உள்ளிருந்த ஸ்பிரிங் 0.7 பாருக்கு உரியது. மீட்டர் முள்ளோ அவ்விடத்தில் கணமும் தயங்காமல் 1.2-ஐத் தொட்டது. கதவு சிறிதென்றால் பூஸ்ட் முதலில் அளவில் நின்று, எஞ்சின் வேகம் ஏற ஏறத்தானே மெல்ல நகரும் என்று வாதித்துப் பார்த்தேன். அண்ணன் செவி சாய்க்கவில்லை. கதவைக் கழற்றி, அது படியும் இடத்தைத் தேய்த்து, கேஸ்கெட் மாற்றி மறுபடி பூட்டினார். முள் அப்படியே ஏறிற்று. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வலுக் குறைந்த ஒன்றை வைத்தார், அப்போதும் அப்படியே. “பாத்தியா தம்பி, சைஸ்தான்” என்று, தோல்வி ஒவ்வொன்றையும் தம் கட்சிக்கே சாட்சியாக்கிக்கொண்டார்.

அந்தச் சித்தாந்தத்தின் அஸ்திவாரத்தையாவது அசைத்துவிடுவது என்ற வீம்பில் பழைய நூல்களைப் புரட்டலானேன். டர்போவின் பிதா என்று பிரசித்தி பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி. அவருடைய காப்புரிமை 1905-ஆம் ஆண்டினது. 1920களில் ஜெர்மன் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் அவர் முறையால் 1,750 குதிரைத் திறனிலிருந்து 2,500-க்கு உயர்ந்தன. ஆனால் நான் தேடிப்போன கதவு அங்கே அகப்படவில்லை. கடலில் ஏறக்குறைய ஒரே கதியில் ஓடும் எஞ்சினுக்குத் தக்கபடி சக்கரத்தை அமைத்துவிட்டால், மிஞ்சியதை வெளியேற்றும் அவசியமே எழுவதில்லை.

அந்த அவசியம் பிறந்தது ஆகாசத்தில். 1918-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் 14,000 அடிக்கு மேலே கொண்டுபோய் ஓட்டினார். காற்று மெலிந்த அவ்விடத்தில் டர்போ இன்றிச் சுமார் 230 குதிரைத் திறனே தந்த எஞ்சின், டர்போவுடன் 350-க்கும் மேல் தந்தது. உச்சியில் முழு பலத்தோடு சுழல வேண்டிய சக்கரம் தரையிலும் அவ்வாறே சுழன்றால் எஞ்சின் நாசமாகும். ஆகவே தரையில் திறந்திருந்து, உயரம் ஏற ஏற மூடிக்கொள்ளும் ஒரு கதவு விமானத்துக்கு இன்றியமையாததாயிற்று.

இவ்விடத்தில் என் தேடல் எதிர்பாராமல் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. சப்பான்காரன் காலத்தில் கூலாய்த் தோட்டத்தில் பால்வெட்டிய என் பாட்டி, வானத்தில் வெகு உயரத்தில் வெள்ளியாய் மின்னிச் சென்ற விமானங்களைப் பற்றிச் சொன்னது எனக்குப் பாதிதான் நினைவு. 1944 நவம்பர் 5 முதல் மறு ஆண்டு மார்ச் வரை வங்காளத்துக் கரக்பூர்ப் பகுதியிலிருந்து சிங்கப்பூரைத் தாக்க வந்த பி-29 விமானங்களாகவே அவை இருக்க வேண்டும். அவற்றுக்கு எஞ்சின் நான்கு, எஞ்சினுக்கு டர்போ இரண்டு. வேஸ்ட்கேட்டை இயக்கியது மின்சாரக் கட்டுப்பாடு. ஜப்பானியர் கண்டதாகச் சொல்லப்படும் இந்தக் கதவு, ஜப்பானியரை எதிர்த்தே இந்த ஆகாசத்துக்கு வந்தது என்ற விசித்திரத்தை எண்ணி எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

நகைப்போடு நிற்கவும் இல்லை. முந்திய பி-17 விமானங்களில் கதவை இயக்கியது எண்ணெய் அழுத்தம். உயரத்துக் குளிரில் எண்ணெய் குழாயிலேயே உறைந்தால் கதவு விமானிக்குக் கீழ்ப்படியாது. அதாவது கதவு பழுதில்லை, கதவுக்குப் போக வேண்டிய கட்டளைதான் போகவில்லை. இதைப் படித்த கணமே, ஸ்பிரிங்கை மாற்றியும் முள் மாறாத மர்மம் விளங்கிற்று: திறக்கவே திறக்காத கதவுக்கு எந்த ஸ்பிரிங் போட்டால் என்ன?

அண்ணனிடம் சரித்திரம் பேசாமல், கம்ப்ரஸர் காற்றை மட்டும் கேட்டு வாங்கினேன். அழுத்தத்தை மிதமாக வைத்து, வேஸ்ட்கேட்டின் கீழ்வாயில் காற்றைச் செலுத்தினால் கதவு எழுந்தது. மேல்வாயில் செலுத்தினால் இன்னும் இறுகியது. டர்போவிலிருந்து வரும் ஹோஸ் பூட்டப்பட்டிருந்ததோ மேல்வாயில். அதனால் பூஸ்ட் ஏற ஏறக் கதவு பலமாக மூடிக்கொண்டே போயிருக்கிறது. ஹோஸைக் கீழ்வாய்க்கு மாற்றி, மேல்வாயை வெறுமனே விட்டு, பழைய ஸ்பிரிங்கையே வைத்து ஓட்டினோம், முள் 0.7-இல் நின்றது.

சரித்திர விஷயத்தில் அண்ணன் இன்றும் இறங்கி வரவில்லை. ஜப்பானின் முதல் டர்போ கார்களான நிஸான் செட்ரிக்கும் கிளோரியாவும் 1979-இல்தான் வந்தன என்றும், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் 1962-லேயே வேஸ்ட்கேட்டோடு ஓடிற்று என்றும் சொன்னால், “இருக்கலாம் தம்பி” என்பதோடு சரி. அது போகட்டும். வாசகருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: பெரிய வேஸ்ட்கேட் வாங்கப் பணத்தை எண்ணுவதற்கு முன், இருக்கிற வேஸ்ட்கேட்டின் ஹோஸ் எந்த வாயில் மாட்டியிருக்கிறது என்று ஒரு தரம் குனிந்து பாருங்கள்.