பெட்டிக்குள் இருந்த சாளரம்

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் உதகமண்டலம் சென்றிருந்தேன். அங்குள்ள புனித ஸ்தேவான் ஆலயம் 1829இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1830இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. சீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த உத்தரங்களே அதன் கூரையைத் தாங்குகின்றன.

வெளியே நின்று நோக்கியபோது சாளரங்கள் கரிய பலகைகள் போலத் தோன்றின. உள்ளே நுழைந்ததும் நீலமும் செம்மையும் பொன்னிறமும் ஒளிர்ந்தன. "வெளியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லையே அப்பா!" என்று வியந்தாள் என் மகள். உருகிய கண்ணாடியில் உலோகச் சேர்மங்களைக் கலந்து நிறமேற்றி, துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைக்கும் பழங்கலை இது. வெயில் ஊடுருவும்போது, உள்ளே இருப்பவருக்கே ஓவியம் புலப்படும்.

ஊர் திரும்பிய பின் இக்கலையைப் பற்றிப் படிக்கலானேன். வேல்ஸ் நாட்டில் டென்பி நகருக்கு அருகே லான்ரேயடர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பழைய பங்குக் கோயிலில் 1533ஆம் ஆண்டுச் சாளரம் ஒன்று இன்றும் விளங்குகிறது. தாவீது மன்னனின் தந்தை ஈசாய் கீழே படுத்திருக்க, அவரிடமிருந்து கிளைக்கும் கொடியில் அரசர்கள் வீற்றிருக்க, உச்சியில் மரியாளும் குழந்தை இயேசுவும் தோன்றுகின்றனர். ஒரு குலத்தின் வழிமுறையைக் கூறும் ஓவியம் அது. 1640களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, திருவுருவங்களை உடைப்போருக்கு அஞ்சி, ஊரார் அக்கண்ணாடியைக் கழற்றி ஒரு பெட்டியிலிட்டுப் புதைத்தனர் என்றும், 1661இல் மீண்டும் பொருத்தினர் என்றும் மரபு கூறுகிறது.

இதைப் படித்ததும் என் நெஞ்சு துணுக்குற்றது. எங்கள் வித்துரா வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருந்தது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்திற்குப் பிழைப்பு நாடி வந்த என் தந்தையார் அம்பாசமுத்திரத்திலிருந்து கொணர்ந்த தகரப் பெட்டி. அவர் மறைந்த பின் நான் அதைத் திறக்கவே இல்லை. மலையாளப் பள்ளியில் பயிலும் மகளுக்குத் தமிழெழுத்துகளைக் கற்பித்தேனேயன்றி, அவற்றைக் கொண்டு படிக்க எதையும் தந்தேனில்லை. போருக்கு அஞ்சியவர்கள் புதைத்ததை மறவாமல் மீட்டனர். எவருக்கும் அஞ்ச வேண்டாத நானோ மறந்தே போனேன்.

அன்றிரவே பெட்டியை இறக்கினேன். இரண்டு புத்தகங்களைச் செல் அரித்திருந்தது. அடியில் என் பாட்டியார் பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்கள் பிழைத்திருந்தன. ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள்: "நலம். நலமறிய அவா."

நிமிர்ந்து, "அவா என்றால் என்ன அப்பா?" என்று வினவினாள்.

அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை.