புகையும் எடையும்

இம்மலருக்குச் சிற்றிலக்கியம் பற்றிய கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழு மாணவர்கள் கேட்டனர். 'புகையிலை விடு தூது' பற்றி எழுதலாம் என்று அமர்ந்தேன். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடி, உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல் அது. அன்னமும் மேகமும் நெஞ்சமும் தூது சென்று களைத்த பிறகு, பழனி முருகனிடம் புகையிலையை அனுப்பத் துணிந்த புலவரின் குறும்பைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சுவையாகச் சொல்லி வருகிறேன். குறிப்பெடுக்க நூலைப் பிரித்தபோது, உள்ளிருந்து தடித்த சிறு அட்டை ஒன்று மேசைமேல் விழுந்தது. தாம்பரம் ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்த்தபோது வந்த அட்டை. ஒருபுறம் 75 கிலோ என்றிருந்தது. மறுபுறம், நினைத்த காரியம் கைகூடும் என்று நல்வாக்கு. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத்து அட்டை. அதைப் பார்த்ததும் இலக்கியக் கட்டுரையை ஒத்திவைத்தேன். ஏனெனில் அன்று அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நிலையத்தை விட்டு வெளியேறி, ஐந்து மாதங்களாக விட்டிருந்த சிகரெட்டை மீண்டும் வாங்கிப் பற்றவைத்தவன் நான்.

சிகரெட் என்றே எழுதுகிறேன். வெண்சுருட்டு என்று தனித்தமிழில் எழுதலாம். ஆனால் அப்படிக் கேட்டு ஒருநாளும் கடையில் வாங்கியதில்லை.

1999ஆம் ஆண்டு, இளங்கலை முதலாண்டில் தொடங்கிய பழக்கம். நண்பன் ஒருவன் பாதி தந்தான். மறுபாதியை நானே கேட்டு வாங்கினேன். ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது நாளொன்றுக்குப் பன்னிரண்டு ஆகியிருந்தது. கல்வி நிறுவனங்களுக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதும் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. நான் சட்டத்தை மதிப்பவன். ஆகவே நூற்றோராவது கஜத்தில், ஒரு தேநீர்க் கடையின் பின்புறத்தில், யாரும் காணாத மூலையில் நின்றேன். பிறகு இரண்டு ஏலக்காயை மென்றுகொண்டு 'மருந்து' அதிகாரம் நடத்தப் போவேன். முன்வரிசை மாணவர்கள் முகத்தைச் சற்றே திருப்பிக் கொள்வதைக் கண்டும் காணாதவன் போல் இருந்திருக்கிறேன். அந்த வெட்கத்தை இன்று எழுத முடிகிறது. அன்று ஒப்புக்கொள்ளக்கூட முடியவில்லை.

2012 ஜனவரியில் முதன்முறை விட்டேன். இல்லத்தரசியார் ஒருநாள் ஒன்றும் பேசாமல் பையிலிருந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்ததுதான் காரணம். விட்டது கடினமாக இல்லை. அதன் பின் வந்ததே கடினம். வாய்க்கு வேலை வேண்டும் என்றாயிற்று. பதினொரு மணிக்குப் போண்டா, மாலையில் பஜ்ஜி, இடையிடையே பிஸ்கட்டும் சர்க்கரைத் தேநீரும். நாவிற்குச் சுவை திரும்பியிருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு அத்தனை மணக்கும் என்பதையே மறந்திருந்தேன். 68 கிலோவாக இருந்தவன் 75 ஆனேன். சட்டைப் பொத்தான்கள் இழுத்துப் பிடித்தன. "பேராசிரியருக்குச் செழிப்பு" என்று நண்பர்கள் வயிற்றைத் தட்டினர். இளைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மீண்டும் புகைத்தேன். படித்தவனுக்குத் தவறு செய்வதற்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. எனக்கு அந்த எடை அட்டை கிடைத்தது.

இந்த அச்சம் தானாக முளைத்ததன்று. விற்பவர்களும் நீர் ஊற்றி வளர்த்தார்கள். 1928ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சிகரெட் நிறுவனம், இனிப்பை எடுக்கும் கையால் எங்கள் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களை நோக்கி விளம்பரம் செய்தது. மிட்டாய் வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள் என்பது தனிக்கதை.

அதே 1928ஆம் ஆண்டில்தான் நம் தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளருக்கென ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அது அரசு மருத்துவமனை ஆயிற்று. ரயில் நிலையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் அதன் பெயரே நிலைத்துவிட்டது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் சானடோரியங்கள் நம்பியிருந்தவை தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றையே. நோயாளியின் எடை கூடினால் அது நற்செய்தி. கடல் கடந்து ஓரிடத்தில் எடை கூடும் என்று அச்சுறுத்திப் புகையை விற்ற ஆண்டில், இங்கே ஓரிடத்தில் எடை கூடாதா என்று ஏங்கி நுரையீரல் நோயாளிகள் மர நிழலில் படுத்திருந்தார்கள்.

அந்த ஏக்கத்தை நான் கண்ணால் கண்டது 2016 ஜனவரியில். முடிச்சூர்ப் பக்கத்தையெல்லாம் மூழ்கடித்த டிசம்பர் வெள்ளம் வடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அத்தாவுக்கு மூச்சு முட்டியது. பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். பீடி அவருக்கு உழைப்பின் இடைவேளை. சானடோரியத்துக்கு அழைத்துச் சென்றேன். எடை பார்க்கும் வரிசையில் எங்களுக்கு முன்னே ஓர் இளைஞன் நின்றிருந்தான். காசநோய்க்கு மருந்து உண்பவன். செவிலியர் எண்ணைச் சொன்னதும் அவனுடைய தாயார், "மூணு கிலோ ஏறியிருக்கு" என்று அருகிலிருந்த முன்பின் அறியாத எங்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அடுத்து அத்தா ஏறி நின்றார். 41 கிலோ. இறங்கி என் தோளைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்:

"எடை ஏறிடும்னுதானே தம்பி நீ மறுபடியும் புடிச்சே? எனக்கு ஏறவே இல்ல பாரு."

நான் புகைப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த மாதம் அவர் இறையழைப்பை ஏற்றார். வெட்கத்தோடு இன்னொன்றையும் எழுத வேண்டும்: அந்த மாதத்திலும் நான் புகைத்தேன், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே புகைத்தேன்.

புகைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவு வெறும் ஊகமன்று. நம் மாநிலத்திலேயே ஆராய்ந்தறியப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும் இங்கிலாந்து அறிஞர் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் தமிழகத்தில் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு 2003இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைப்பவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அவர்கள் கண்டது.

2016 ஜூன் மாதம் ரமலான் வந்தது. புகைப்பவனுக்கு ரமலான் ஒரு விந்தையான மாதம். ஸஹர் முடிந்தது முதல் நோன்பு திறக்கும் வரை ஏறத்தாழ பதினான்கு மணி நேரம் ஒரு சொட்டு நீரும் இல்லை. ஓர் இழுப்புப் புகையும் இல்லை. பிற நாட்களில் இரண்டு மணி நேரம் தாங்காத அதே மனிதன் பதினான்கு மணி நேரம் தாங்குகிறான். பிறகு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, மஃரிப் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசல் சந்துக்குள் நழுவிப் போய்ப் பற்றவைக்கிறான். பதினேழு ரமலான்கள் நானும் அவ்வாறே செய்தேன். அச்சந்தில் எனக்குத் துணைக்குப் பஞ்சமிருந்ததில்லை என்பதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

இது விலக்கப்பட்டதா, வெறுக்கத்தக்கது மட்டுமா என்ற வாதம் புகையிலை முஸ்லிம் நாடுகளுக்குள் நுழைந்த காலந்தொட்டு நடக்கிறது. அது ஆலிம்களுக்கு உரியது. ஜஹாங்கீர் 1617இல் தடை விதித்தார். துருக்கிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடுத்து, மீறியவரைக் கொல்லவும் செய்தார். அரசாணையால் புகை அடங்கவில்லை. எனக்கு அவ்வாண்டு பிடிபட்டது மிக எளிய கணக்கு ஒன்று. பதினான்கு மணி நேரம் ஏற்கெனவே என் கையில் இருக்கிறது. மீதி பத்து மணி நேரத்தில் உறக்கம், தராவீஹ், உணவு போக, இரண்டு மூன்று மணி நேரமே நான் வெல்ல வேண்டியது.

ஆனால் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் சமோசாவும் இருந்தது! சிகரெட்டை விட்ட கை வேறெங்கே போகும்? 2012ஐ மீண்டும் நடத்த எனக்கு விருப்பமில்லை. மருத்துவ நண்பர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். நிகோடின் பசியை அடக்குகிறது. உடல் எரிக்கும் ஆற்றலையும் சற்று உயர்த்துகிறது. நாளொன்றுக்கு ஒரு பெட்டிக்குச் சற்று மேல் புகைப்பவருக்கு அது ஏறத்தாழ 200 கலோரி. விட்டதும் அந்த எரிப்பு நின்றுவிடுகிறது. பசியோ திரும்பி வருகிறது. ஒரு போண்டாவும் ஒரு சர்க்கரைத் தேநீரும் 200 கலோரியைத் தாண்டிவிடும். நான்கு கிலோமீட்டர் விரைந்து நடந்தால் ஏறத்தாழ அவ்வளவே செலவாகும். "புகைக்கு ஈடாக நடையை வையுங்கள், தீனியை வைக்காதீர்கள்" என்றார்.

ஆகவே நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை. பொரித்தது எதுவும் இல்லை. பள்ளிவாசல் கஞ்சியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து பசியை நன்கு தாங்கும். வடைதான் அதற்கு மேல் நாம் சேர்க்கும் வினை. வயிற்றில் மூன்றிலொரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி நீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய அளவைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். மூச்சுக்கு எதற்கு வயிற்றில் இடம் என்று மதரஸாவில் கேட்டுக் குட்டு வாங்கியவன் நான். அத்தாவின் மூச்சைப் பார்த்த பிறகு அக்கேள்வி எழவில்லை. மஃரிப் முடிந்ததும் சந்துப் பக்கம் திரும்பாமல் சேலையூர் ஏரிப் பக்கம் நடந்தேன். சட்டைப் பையில் பெட்டி இருந்த இடத்தில் தஸ்பீஹ் மணி இருந்தது. பக்தி மிகுந்து வைத்ததன்று. விரல்களுக்கு வேலை வேண்டியிருந்தது. வேட்கை எழுந்தால் சில நிமிடங்களே நிற்கும். நூறு மணி உருட்டி முடிப்பதற்குள் பெரும்பாலும் போய்விடும்.

பெருநாளுக்குப் பின் ஷவ்வால் ஆறு நோன்பு. அதன் பின் சில மாதங்கள் திங்களும் வியாழனும். (நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்காமல் என்னைப் பின்பற்ற வேண்டா.) கடினமாக இருந்தது விடைத்தாள் திருத்தும் நாட்கள். நாற்பது தாளுக்கு ஒன்று என்று புகைத்துப் பழகிய கை, எழுதுகோலையே வாய்க்குக் கொண்டு போயிற்று. சிறிய டப்பாவில் வெள்ளரி, கேரட் துண்டுகளும் வறுத்த கடலையும் கொண்டுபோனேன். துறை நண்பர்கள் முயல் என்று பெயரிட்டனர். சர்க்கரையில்லாத் தேநீருக்கு நாக்கு பழக மூன்று வாரங்கள் ஆயின. ஒருநாள் குரோம்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிகரெட் வாங்கிவிட்டேன், பாதியில் எறிந்தேன். அதை நோன்பு முறிந்ததாகக் கொள்ளாமல் களாச் செய்ய வேண்டிய ஒருநாள் என்று எண்ணிக்கொண்டு, மறுநாள் தொடர்ந்தேன்.

எடை கூடாமலா விட்டேன்? இல்லை. 2012க்குப் பின் மீண்டும் புகைத்து 69க்கு இறங்கியிருந்தேன். அந்த இளைப்பும் என் கன்னக்குழியில்தான் தெரிந்தது, இடுப்பில் தெரியவில்லை. 2016இல் விட்ட மூன்றாம் மாதம் 74 ஆனது. ஓராண்டில் 72க்கு வந்து, அங்கேயே நின்றது. உலகக் கணக்கும் இதற்கு வெகுதூரமில்லை. 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். ஆறு பேரில் ஒருவருக்கு எடை குறையவும் செய்கிறது. கூடிய எடையால் சில ஆண்டுகள் நீரிழிவு வாய்ப்பு சற்று உயரலாம். ஆயினும் விட்டதால் நீளும் ஆயுளை அது குறைப்பதில்லை என்று 2018இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று. நாற்பது வயதில் விடுபவர், விடாதவரைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் கண்டது. துணை தேவைப்படும் மாணவர்களுக்கு நடுவண் அரசின் இலவசத் தொலைபேசி எண் உண்டு: 1800-11-2356.

சென்ற ரமலானில் சாச்சா என்னோடு ஏரிக்கரை வரை நடந்து வந்தார். அத்தாவின் தம்பி, அதே தொழிற்கூடம், அதே பீடி. கலுங்கருகே மூச்சு வாங்க நின்றவர், "விட்டப்புறம் உனக்கு எவ்வளவுதான் ஏறிச்சு?" என்று கேட்டார்.

"மூணு கிலோ சாச்சா."

"அவ்வளவுதானா?" என்றார். சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டின்மேல் கை வைத்தார், எடுக்கவுமில்லை, எறியவுமில்லை. நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.