இடைவேளையோடு எழுந்து போனவன்

படத்தை முழுதாகப் பார்க்காமலே 'இதற்குப் போகாதீர்கள்' என்று எழுதியிருக்கிறேன். எப்போதோ ஒரு தடவை தவறிச் செய்ததாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதைப் பழக்கமாகவே வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் உட்காருவேன். இடைவேளையில் வெளியே வந்து மற்ற விமர்சகர்களின் முகத்தைப் பார்ப்பேன். நாலு பேர் உதட்டைப் பிதுக்கினால் என் கட்டுரையின் கடைசி வரி அங்கேயே முடிவாகிவிடும். அடுத்த தியேட்டரில் பெரிய நடிகரின் படம் இருந்தால் பாதியிலேயே கிளம்பிவிடுவேன். மிச்சக் கதையை யாரிடமாவது போனில் கேட்டுக்கொள்வேன்.

2011 ஜூனில் வந்த 'ஆரண்ய காண்டம்' அப்படி நான் பாதியில் விட்ட படம். தணிக்கையோடு மல்லுக்கட்டி வெளியே வந்தது. பாட்டு கிடையாது, கதை ஒரே நாளில் நடக்கிறது, யார் நல்லவன் என்று படம் சொல்லித் தரவில்லை. 'இழுவை, தவிர்த்துவிடலாம்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். படம் ஓடவில்லை. மறுவருடம் தேசிய விருதுப் பட்டியல் வந்தது. தியாகராஜன் குமாரராஜாவுக்குச் சிறந்த அறிமுக இயக்குநர் விருது. பிரவீனுக்கும் ஸ்ரீகாந்துக்கும் சிறந்த படத்தொகுப்பு விருது. நான் இழுவை என்று சொன்னது அந்தப் படத்தொகுப்பைத்தான். அதற்குப் பிறகுதான் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். வாழ்ந்து கெட்ட காளையனாக வரும் சோமசுந்தரத்துக்கு அது முதல் படம். அவருக்கும் மகன் கொடுக்காப்புளிக்கும் நடுவில் இருக்கும் பாசத்தைப் போல ஒன்றை நம் சினிமாவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவிடாமல் எத்தனை பேரைத் தடுத்தேனோ.

த்ரில்லர் படத்துக்கு இப்படிச் செய்வது பெரிய அநியாயம். அதன் முன்பாதி முடிச்சுப் போடுவதற்கென்றே இருப்பது. 2024இல் வந்த 'மகாராஜா'வில் முடிதிருத்தும் தொழில் செய்யும் ஒருவர், வீட்டுக் குப்பைத் தொட்டி காணாமல் போய்விட்டதென்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். இடைவேளையில் எனக்குக் கிடைத்த கதை ஏறக்குறைய அவ்வளவுதான். அன்றைக்கு வேறு புதுப்படம் எதற்கும் ஓட வேண்டியிராததால் கடைசிவரை இருந்தேன். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் காலத்தை மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார். முன்பாதியில் வேடிக்கையாகத் தெரிந்தது ஒவ்வொன்றும் பின்பாதியில் நெஞ்சை அடைத்தது. எப்போதும்போல எழுந்து போயிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தபோதுதான் முதன்முறையாகப் பயம் வந்தது.

நகைச்சுவைப் படங்களையும் நான் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தோடு உட்கார்ந்தால்தான் சிரிப்பு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நானோ, குறிப்பெடுக்க வந்தவர்கள் மட்டும் இருக்கும் பிரஸ் ஷோவில் உட்கார்ந்துகொண்டு 'சிரிப்பே வரவில்லை' என்று தீர்ப்பெழுதினேன். 2005 சித்திரை முதல் நாள் 'சந்திரமுகி'யும் 'சச்சின்'னும் 'மும்பை எக்ஸ்பிரஸ்'ஸும் ஒன்றாக வந்தன. சந்திரமுகி கூட்டத்தின் விசிலைக் கேட்ட காதோடு போய், சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த குறும்பான 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தைப் பார்த்து 'தேறாது' என்றேன். இன்றைக்கு வீட்டில் அதைப் போட்டால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

பாராட்டியும் கெடுத்திருக்கிறேன். 2016 டிசம்பர் 29ஆம் தேதி, வருடக் கடைசியில், 'துருவங்கள் பதினாறு' வந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கார்த்திக் நரேன் எடுத்த படம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாரைச் சந்தேகிக்கக் கூடாது, எந்தக் காட்சியை உற்றுப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் மேதாவித்தனமாக எழுதிவைத்தேன். ஒரு வாசகர் போன் செய்தார். "சார், நாளைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். உங்க கட்டுரையைப் படிச்சதும் முடிவு தெரிஞ்சுபோச்சு" என்றார். கோபப்படக்கூட இல்லை அவர். மன்னிப்புக் கேட்காமல், "அதைத் தாண்டியும் படத்தில் நிறைய இருக்கு" என்று சமாளித்தேன். நான் முதல் தடவை பார்த்தபோது அடைந்த திடுக்கிடலை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அதை எப்படித் திருப்பித் தருவது?

சின்னப் படத்துக்கு மூன்று நாள்தான் ஆயுள். வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துத் திங்கட்கிழமை ஷோவைக் குறைப்பார்கள். மவுத் டாக் பரவும் முன்பே படத்தைத் தூக்கிவிட்டால், நான்கு வாரத்தில் ஓடிடியில் வந்து அங்கே பத்தோடு பதினொன்றாகக் கிடக்கும். இது தெரிந்துதான் வெள்ளி ராத்திரிக்குள் எழுதி முடிக்க அவசரப்பட்டேன். முந்திச் சொன்னவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. 2024 கடைசியில் தயாரிப்பாளர்கள், படம் வந்த முதல் மூன்று நாள் இணைய விமர்சனம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் தடை தர மறுத்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். குடும்பத்தோடு படத்துக்குப் போகிறவர் டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று ஒரு நாள் சம்பளத்தைக் கொட்டுகிறார். மோசமான படத்தை மோசம் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் விமர்சகனின் உரிமைக்காக அன்று உரக்கப் பேசிய நான், அந்த உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்தியவன் இல்லை.

இப்போது கடைசி எழுத்து ஓடி முடியும்வரை உட்காருகிறேன். நகைச்சுவைப் படமென்றால் காசு கொடுத்து மாலைக் காட்சிக்குப் போகிறேன். 2025இல் 'குடும்பஸ்தன்' படத்தையும், 'ரெட்ரோ' வந்த அதே மே 1ஆம் தேதி வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையும் அப்படித்தான் பார்த்தேன். இரண்டும் பார்க்க வேண்டிய படங்கள். சீரியல் கொலைகாரனைத் தேடும் 'போர் தொழில்', கார் நிறுத்தும் இடத்துக்கான தகராறு முற்றிப்போகும் 'பார்க்கிங்' இரண்டையும் தவறவிட்டிருந்தால் தேடிப் பாருங்கள். கதை என்ன என்று யாரிடமும் கேட்காதீர்கள். இனி நான் ஒரு படத்தை 'வேண்டாம்' என்று எழுதினால், முழுதாகப் பார்த்தீர்களா, எந்தக் காட்சியில் பார்த்தீர்கள் என்று தயங்காமல் என்னைக் கேளுங்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.