ராமதாசர் சிறைக்கு மேலே ஒரு மசூதி

போன சனிக்கிழமை நம்ம ஜொகூர் பாரு கோயில்ல பஜனை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தப்ப ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, பத்ராசல ராமதாசரை ஜெயில்ல போட்டது முஸ்லிம் ராஜாதானே?”

ஆமாம். ஆனா கதை அதோட முடியல.

அந்த ராஜா கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷா. தானா ஷா என்பார்கள். குதுப் ஷாஹி வம்சமே ஷியா பிரிவு. அவரோட முதலமைச்சர் மாதண்ணா ஒரு பிராமணர், ராமதாசருக்குத் தாய்மாமன் முறை. வரிப்பணத்தில் கோயில் கட்டியதுக்குத்தான் சிறை. ராமரும் லட்சுமணரும் நேரில் வந்து பணத்தைக் கட்டினார்கள் என்பது நம்ம நம்பிக்கை. அதுக்கப்புறம் சுல்தான் ராமநவமிக் கல்யாணத்துக்கு முத்து அனுப்பினார். இன்னைக்கும் அரசாங்கம் அந்த வழக்கத்தை விடல.

ஹைதராபாத் போனப்ப கோட்டை ஏறினேன். ராமதாசர் சிறையைத் தாண்டி மேலே போனா இப்ராஹிம் குதுப் ஷா பெயரில் ஒரு சின்ன மசூதி. பட்டத்துக்கு வருமுன் விஜயநகரத்தில் அடைக்கலமாக இருந்தவர் இவர். தெலுங்குப் புலவர்களை ஆதரித்தவர். ரெண்டு மினார் நிக்குது. சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கு, தொழ ஆளில்லை. கொஞ்சம் தள்ளிப் பாறை இடுக்கில் மகாகாளி கோயில். அங்கே விளக்கு எரியுது. ஆஷாட மாத போனாலுத் திருவிழா வருஷாவருஷம் இந்த அம்மன்கிட்டதான் தொடங்குது.

1687ல் எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு ஔரங்கசீப் கோட்டையைப் பிடிச்சார். அரசன் போனான், சபை போச்சு, மசூதிக்கு வர்றவங்களும் போயிட்டாங்க. ஊருக்குள்ள மொஹரம் துக்கத்துக்காக ஷியா சுல்தான் கட்டிய பாதுஷாஹி ஆஷூர்கானா வண்டிக் கொட்டகையாச்சு. நிஜாம் காலத்தில்தான் திரும்ப உயிர் வந்தது.

இது நமக்குப் புரியாததா? ரப்பர் தோட்டம் கைமாறி, ஜனங்க லயத்தை விட்டு டவுனுக்குப் போன பிறகு எத்தனை தோட்டத்துக் கோயில் இப்படி நிக்குது! யாரும் இடிக்கல, விளக்கு போடத்தான் ஆளில்லை. (இடிச்சதும் உண்டு. அது வேற பதிவு.)

தானா ஷாவையும் தௌலதாபாத் கோட்டையில் அடைச்சாங்க. அவருக்காகப் பணம் கட்ட யாரும் வரல. அங்கேயே இறந்தார்.

பத்ராசலம் போற குழுவினர் ஹைதராபாத்தில் ஒரு நாள் கூடுதலா வையுங்க. படி 300க்கு மேல, பெரியவங்களைக் காலையிலேயே ஏத்திடுங்க. சிறையைப் பார்த்துட்டுத் திரும்பிடாம மசூதி வரைக்கும் போயிட்டு வாங்க.