சேதம் பண்ணினது யாரு, தம்பி?

மேனேஜருக்கே பயப்படாத ஆசாமிகூட ஆபீஸில் ஒன்றுக்குப் பயப்படுகிறான். கம்ப்யூட்டரில் லெட்டர் அடிக்கும்போது வாக்கியத்துக்கு அடியில் நெளிநெளியாக ஒரு கோடு வருமே, அதற்கு. ஸ்பெல்லிங் தப்பு என்றால் சிவப்பு. இலக்கணம் தப்பு என்றால் வேர்ட் 97-லிருந்து பச்சை. 2013 பதிப்பிலிருந்து நீலம். கோட்டைப் பார்த்ததும் நம்ம ஆளுங்களுக்குக் கை பரபரக்கும். அது சொல்வது சரியா என்று யோசிப்பதில்லை. கோடு போனால் போதும்!

நான் பி.காம். பத்திரிகைக்கு எழுதுவது போக, சின்ன கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் லெட்டர் திருத்திக் கொடுப்பதும் உண்டு. (இரண்டும் சேர்ந்தால் டீ செலவுக்கு ஆகும்.) சில வருஷம் முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. துறைமுகத்துக்குப் போகிற வழியில் லாரிக்குள் மழை புகுந்து, பெட்டி பெட்டியாகச் சரக்கு நாசம். இன்ஷூரன்ஸுக்கு க்ளெய்ம் லெட்டர் எழுத வேண்டும். அக்கவுண்டன்ட் பெரியவர் கையால் எழுதிக் கொடுக்க, டைப் அடித்தது வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாசமான ஒரு பையன்.

பெரியவர் எழுதியது: ‘த கூட்ஸ் வேர் டேமேஜ்டு இன் ட்ரான்ஸிட்.’ வழியில் சரக்கு சேதமடைந்தது. சுத்தமான வாக்கியம். ஆனால் அங்கே இருந்தது பழைய வேர்ட். யாரோ புண்ணியவான் கிராமரோடு ஸ்டைலையும் சேர்த்துப் பார்க்கும்படி முடுக்கி வைத்திருந்தார். உடனே பச்சைக் கோடு. ‘பாஸிவ் வாய்ஸ், மாற்றலாமே’ என்று யோசனை வேறு.

பையனுக்கு ஸ்கூல் இலக்கணம் ஞாபகம் வந்துவிட்டது. ஆக்டிவ் வாய்ஸுக்கு எழுவாய் வேண்டுமே? லெட்டர் எழுதுவது நாம்தானே? ‘வீ டேமேஜ்டு த கூட்ஸ் இன் ட்ரான்ஸிட்.’ சரக்கை நாங்கள்தான் சேதப்படுத்தினோம்! பச்சைக் கோடு மாயம்.

முதலாளி கையெழுத்துக்குப் போகிற ஃபைலில் அதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“யாருப்பா இதை மாத்தச் சொன்னது?”

“கம்ப்யூட்டர்தானுங்ணா சொல்லுச்சு. இப்பப் பாருங்க, ஒரு கோடுகூட இல்லீங்!”

1963-ம் வருஷத்து மரைன் இன்ஷூரன்ஸ் சட்டப்படி, பாலிஸி எடுத்தவரே வேண்டுமென்று செய்த சேதத்துக்குப் பணம் தர வேண்டியதில்லை. சும்மாவே சாக்குத் தேடுகிறவர்களுக்கு நாமே கைப்பட எழுதிக் கொடுத்தால்? விஷயம் புரிந்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது. முதல் வேலை. ஊரில் அப்பாவுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்திருந்தான்.

பெரியவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏந்தம்பி, அந்த மெஷினு மழையில நனைஞ்சுதா?”

அவ்வளவுதான் சமாச்சாரம். மெஷினுக்குத் தெரிவது வாக்கியத்தின் சட்டை அளவு. உள்ளே இருக்கிற ஆளைத் தெரியாது. செய்தவன் யாரென்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் பாஸிவ் வாய்ஸ் தப்பே இல்லை. ஆடிட் ரிப்போர்ட் அதில்தான் ஓடுகிறது. ‘பரிசீலிக்கப்படும்’ என்ற வார்த்தை இல்லாவிட்டால் சர்க்கார் ஆபீஸ் பாதி ஸ்தம்பித்துவிடும். வீட்டில் ‘பால் பொங்கிடுச்சு’ என்பதை ‘நான் பொங்கவிட்டேன்’ என்று எந்தப் புருஷனாவது சொல்லியிருக்கிறானா?

நிஜத் தப்பையாவது பிடிக்குமா? 2005-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் பாடம் நடத்திய சந்தீப் கிருஷ்ணமூர்த்தி, வேண்டுமென்றே கண்றாவி இங்கிலீஷில் எழுதி வேர்டிடம் கொடுத்துப் பார்த்தார். எத்தனையோ தப்பை ஒரு கோடும் போடாமல் விட்டுவிட்டது. அதற்கப்புறம் எவ்வளவோ தேறியிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மழையில் நனைந்தபாடில்லை.

பழைய வாக்கியத்தையே திரும்ப அடித்து லெட்டர் போயிற்று. முதலாளி காதுக்கு விஷயம் போகவில்லை. பையனுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், செட்டிங்ஸ் என்று வரிசையாகக் காட்டி, பாஸிவ் டிக்கை எடுக்க வைத்தேன். ஸ்பெல்லிங்கை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, “முதலாளி பேருக்கு அடியில செவப்பா நெளியுதுங்ணா... அதை என்ன பண்றதுங்?”

பெரியவர் சேரை விட்டே எழுந்துவிட்டார். “அது நெளிஞ்சா நெளியட்டும், தம்பி. நீ கையை எடு!”