வண்ணத்துப்பூச்சி கொண்டுவரும் சீதனம்

நமது நாட்டின் உலர் வலயத்தில் வளர்ந்தவர்கள் தேள்கொடுக்குச் செடியை அறிவார்கள். வேலியோரத்திலும் குளக்கட்டிலும் கேட்பாரற்று வளரும் பூண்டு அது. தேளின் வாலைப் போலச் சுருண்ட பூங்கொத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். பிடுங்கி எறியப்பட்ட அந்தச் செடி வெயிலில் காய்ந்து சருகாகிக் கிடக்கும்போது ஒரு வேடிக்கை நிகழும். எங்கிருந்தோ வண்ணத்துப்பூச்சிகள் வந்து அதன்மீது அப்பிக்கொள்ளும். நீல வரியுடையவை, கருங்கபில நிறத்தவை எனப் பல இனங்கள் அக்கம்பக்கமாக அமர்ந்து காய்ந்த தண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கிலுகிலுப்பைச் செடியிலும் இதே கூட்டத்தைக் காணலாம். காய்ந்த செடியில் பூவுமில்லை, தேனுமில்லை. ஆகவே தேன் தேடி வந்தன என்று சொல்லிவிட்டு அப்பால் போக முடியாது. வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி.

நான் பத்திரிகையில் இருந்த காலத்தில், ஞாயிறு வெளியீட்டின் பக்கங்களில் கடைசி நேரத்தில் விழும் இடைவெளிகளை நிரப்புவதற்கென்று விஞ்ஞானத் துணுக்குகள் சிலவற்றைக் கைவசம் வைத்திருப்போம். வாசனையால் துணை தேடும் பூச்சிகள் பற்றிய மூன்று வரிச் செய்தியும் அவற்றில் அடிக்கடி இடம்பெறும். அந்த மூன்று வரிகளுக்குப் பின்னால் எத்தனை மனிதர்களின் எத்தனை கோடைகாலங்கள் இருந்தன என்பதை, ஓய்வுபெற்ற பின்னர் ஆறுதலாக வாசித்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளின் கதை பலருக்குத் தெரியும். அவற்றில் பெண் மணத்தைக் காற்றில் விட, ஆண் வெகுதொலைவிலிருந்து அதைப் பின்தொடர்ந்து வருகிறது. பட்டுப்பூச்சியின் அந்த மணப்பொருளை ஜேர்மனிய விஞ்ஞானி அடோல்ஃப் புட்டெனன்ட் குழுவினர் 1959 இல் இனங்கண்டனர். அதற்காக அவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்த நேர்ந்தது. இத்தகைய பொருட்களுக்கு ‘பெரமோன்’ என்ற பெயர் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளில் நிலைமை பெரும்பாலும் தலைகீழானது. முதலில் கண் வேலை செய்கிறது. ஆண் பார்த்துத் துரத்துகிறது. மிக நெருங்கிய பின்னர் மணத்தை வெளியிடுவதும் ஆணே. ஏற்பதா, மறுப்பதா என்பதை முடிவு செய்வது பெண்.

இதை வெறும் ஊகமாக விடாமல் வெளியிடத்தில் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் நிக்கோ டின்பேர்கன். மணற்பாங்கான வெளிகளில் வாழும் ஒரு மங்கல் நிற வண்ணத்துப்பூச்சியை அவரும் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். காகிதத்தில் பூச்சி வெட்டி, தூண்டில் தடியில் நூல் கட்டி ஆட்டிக் காட்டினார்கள். ஆண்கள் அதையும் துரத்தின. உதிரும் இலையை, சிறு பறவையை, சில வேளைகளில் தம் சொந்த நிழலையுமே துரத்தின! கண்ணின் தீர்ப்பு அவ்வளவு மலிவானது. உண்மையான பெண் தரையில் இறங்கியதும் ஆண் அதன் முன்னே வந்து நின்று, வணங்குவது போலக் குனிந்து, அதன் உணர்கொம்புகளைத் தன் முன்சிறகுகளுக்கிடையே மெல்லப் பற்றிக்கொள்கிறது. மணச் செதில்கள் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். இந்த ஆய்வு வெளிவந்த 1942 ஆம் ஆண்டிலேயே, லெய்டன் பல்கலைக்கழகத்தில் நாஜிகள் யூதப் பேராசிரியர்களை நீக்கியதை எதிர்த்தமைக்காக டின்பேர்கன் பணயக் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். இரண்டாண்டுகள் அங்கே கழிந்தன. நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது 1973 இல்.

கண் ஏமாறும் என்பதற்கு நாம் நெதர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர் எருக்கலை இலையைத் தின்று வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் தீண்டுவதில்லை, உடலெங்கும் நஞ்சு. இந்தப் பாதுகாப்பைத் தானும் பெறுவதற்காக வேறொரு இனத்தின் பெண், அதே செம்மஞ்சள், அதே கறுப்பு விளிம்பு, அதே வெள்ளைப் புள்ளிகளோடு உருமாறிப் பறந்து திரிகிறது. (அந்த இனத்தின் ஆணோ கறுப்பில் பெரிய வெண்பொட்டுகள் கொண்ட முற்றிலும் வேறு தோற்றத்தது.) பறவையை ஏமாற்றும் வேஷம் துணை தேடுபவனையும் ஏமாற்றக்கூடியதே. அந்த இடத்தில் கண்ணால் முடியாததை வாசனை தீர்த்து வைக்கிறது.

தேள்கொடுக்குக்கு இனித் திரும்பலாம். செம்மஞ்சள் பூச்சியின் நெருங்கிய உறவினம் ஒன்று அமெரிக்காவின் புளோரிடாவில் பறக்கிறது. அங்கே அதற்கு ‘இராணி’ என்று பெயர். ஆண் இராணி (பெயரின் விநோதத்தை வாசகர்கள் பொறுத்தருள்க) பறக்கும் பெண்ணை முந்திச் சென்று, தன் வயிற்று நுனியிலிருந்து இரண்டு மயிர்த் தூரிகைகளை வெளியே நீட்டி, பெண்ணின் உணர்கொம்புகளில் தடவுகிறது. தூரிகையிலிருந்து நுண்ணிய தூள் உதிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. பெண் தரையிறங்குகிறது. அந்தத் தூளில் உள்ள மணப்பொருளுக்கு ‘டனைடோன்’ என்று பெயர். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலாளர் ஜெரோல்ட் மைன்வால்டும் பூச்சியியலாளர் தோமஸ் ஐஸ்னரும் தோமஸ் பிளிஸ்கியும் 1969 இல் இதனை விளக்கினர். ஐஸ்னர், ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி நாடு நாடாக அலைந்து உருகுவேயில் கரைசேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை.

ஆய்வுகூடத்தின் உள்ளே வளர்க்கப்பட்ட ஆண் இராணிகளிடம் டனைடோன் இல்லை. தோற்றத்தில் ஒரு குறையுமில்லை. முறைப்படி துரத்தின, தூரிகையை நீட்டின. ஆயினும் பெண்களில் பெரும்பாலானவை அவற்றை ஏற்கவில்லை. செயற்கையாகத் தயாரித்த டனைடோனைத் தூரிகையில் இட்டபோது நிலைமை மாறியது. காரணம் செடியில் இருந்தது. டனைடோனை ஆண் தானாக உருவாக்க முடியாது. தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் உள்ள அல்கலோயிட் என்னும் நஞ்சை உண்டால்தான் முடியும். நம்மூர்ச் செம்மஞ்சள் இனத்தில் அதுவும் போதாது என்று 1978 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தூரிகையைப் பின்சிறகில் உள்ள சிறு பைகளுக்குள் நுழைத்து எடுத்தால் மாத்திரமே மணம் உருவாகிறது.

மணத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? 1989 இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. புணர்ச்சியின்போது ஆண் தான் சேகரித்த நஞ்சில் கணிசமான பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதனை முட்டைகளுக்குள் சேர்க்கிறது. டனைடோன் அந்த நஞ்சிலிருந்தே பிறப்பதால், மணத்தை முகரும் பெண், வந்தவனிடம் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்கிறது. சீதனப் பேச்சில் முறிந்த கலியாணங்கள் பற்றிப் பெண்ணைப் பெற்றவர்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்களை ஆண்டுக்கணக்கில் படித்தவன் என்ற முறையில், இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். இங்கே கொண்டுவர வேண்டியவன் மாப்பிள்ளை. கொண்டுவருவதோ பிள்ளைகளைக் காக்கும் நஞ்சு.

எல்லா இனங்களும் இப்படியென்று எண்ணிவிடக் கூடாது. அதே பேரினத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் தூரிகைகள் சிறுத்துவிட்டன. அதன் ஆண் பெண்ணைப் பிடித்து நிலத்தில் வீழ்த்துகிறது; சம்மதம் கேட்பதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவின் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளிடம் வேறொரு தந்திரம் உண்டு. அவற்றில் ஓரினத்தின் ஆண், பெண்ணைக் கவர எலுமிச்சை மணம் வீசும் சித்திரலைப் பூசிக்கொண்டு வருகிறது. காரியம் முடிந்ததும், உளுக்குக்குப் பூசும் தைலங்களில் நாம் முகரும் மெதயில் சலிசிலேற்றைப் பெண்ணிடம் விட்டுச் செல்கிறது. அடுத்து வரும் ஆண்களுக்கு அது விலகிப் போ என்னும் அறிவித்தல். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

கோவாப் பயிரை அழிக்கும் பெரிய வெள்ளை இனத்தில் அதே அறிவித்தலாகப் பயன்படுவது பென்சைல் சயனைட். அதனை வேறொருவரும் வாசிக்கிறார் என்பது 2005 இல் தெரியவந்தது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒட்டுண்ணிக் குளவி அது. புணர்ந்த பெண்ணை அந்த மணத்தால் இனங்கண்டு, அதன் உடலில் தொற்றி ஏறிக்கொள்கிறது. போட்டியாளனை விரட்ட ஆண் விட்டுச்சென்ற மணம் இப்படியும் பயன்படுகிறது. பெண் கோவா இலையில் முட்டையிட அமர்ந்ததும் குளவி இறங்கி, புதிதாக இடப்பட்ட அந்த முட்டைகளுக்குள்ளே தன் முட்டைகளை இடுகிறது.